நாயின் பாதத்தில் காயமா? தையல் போடாமல் ஆற்றுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணாடிச் சில்லு, துருப்பிடித்த தகரம், சீமைக்கருவேல முள், கொதிக்கிற தார் ரோடு என்று நம் ஊரில் நாயின் பாதம் கிழிவதற்கு வழி நிறைய. கிழிந்த பாதத்துக்குப் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. ஆனால் தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும், அதுவும் நாம் நினைப்பதைவிட அதிக நாட்களுக்கு. நாய் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் பதில்களும் கீழே.

எங்க நாய் கண்ணாடியை மிதிச்சிருச்சு, வீடெல்லாம் ரத்தம். முதல்ல என்ன செய்யணும்?

நாயைப் படுக்க வையுங்கள். அது நடந்துகொண்டே இருக்கும்வரை ரத்தம் நிற்காது. பாதத்தின் அடியில் இருக்கும் கறுத்த மெத்தைகளில் ரத்தக் குழாய்கள் மிக அதிகம். சின்னக் கீறலுக்கே தரை முழுக்கச் சிவப்பாகிவிடும். அந்தக் காட்சியைப் பார்த்து மிரள வேண்டாம், கழுவிப் பார்த்தால் காயம் பெரும்பாலும் சிறியதாகத்தான் இருக்கும்.

சுத்தமான பருத்தித் துணியையோ காஸ் என்னும் மெல்லிய கட்டுத்துணியையோ நான்காக மடித்துக் காயத்தின் மேல் வைத்து அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிடம். நடுவில் தூக்கி எட்டிப் பார்க்கக் கூடாது. பார்க்கும் ஒவ்வொரு முறையும் உறைய ஆரம்பித்த ரத்தம் பிய்ந்து மறுபடி ஒழுகும். துணி நனைந்துவிட்டால் அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வையுங்கள். பத்து, பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்தியும் நிற்கவில்லை என்றால் அழுத்திக் கட்டியபடியே டாக்டரிடம் கிளம்புங்கள்.

காலை இறுக்கிக் கயிறு கட்டுவது, ரப்பர் பேண்ட் போடுவது இரண்டும் வேண்டாம். முடிக்குள் புதைந்து மறந்துபோன ரப்பர் பேண்டால் விரலையே இழந்த நாய்கள் உண்டு.

ஒரு எச்சரிக்கை. மடியில் படுத்துத் தூங்குகிற நாய்கூட வலியில் வாய் வைக்கும். துப்பட்டாவையோ காஸ் சுருளையோ மூக்கின் மேல் ஒரு சுற்று சுற்றி, தாடைக்குக் கீழே குறுக்காக எடுத்து, காதுகளுக்குப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டுப் பிறகு காலைத் தொடுங்கள். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கும், வாந்தி எடுக்கும் நாய்க்கும், வெயிலில் இரைக்கும் நாய்க்கும் இப்படி வாயைக் கட்டக் கூடாது.

சின்னக் காயம்தான். ஆனா ரத்தம் கசிஞ்சுக்கிட்டே இருக்கே?

இதை அலட்சியமாக விடாதீர்கள். தமிழ்நாட்டில் உண்ணிக் காய்ச்சல் மிகப் பரவலான நோய். அதை உண்டாக்கும் எர்லிக்கியா கிருமி தொற்றிய நாய்க்கு ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துவிடும். வெளியே நன்றாகத் திரிகிற நாய், ஒரு நகம் உடைந்தாலோ பாதம் கீறினாலோதான் விஷயம் தெரியவரும். ஈறிலும் அடிவயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம், சாப்பாட்டில் மந்தம் இருக்கிறதா என்று பாருங்கள். எலி மருந்து தின்ற நாய்க்கும் இதே மாதிரி ரத்தம் நிற்காது. இரண்டுக்குமே காலில் மருந்து போட்டுப் பயனில்லை, ரத்தப் பரிசோதனை வேண்டும்.

எதை வீட்டிலேயே பார்த்துக்கலாம், எதுக்கு டாக்டர்கிட்ட ஓடணும்?

மேல்தோல் உரசியது, ஆழமில்லாத கீறல், அரை சென்டிமீட்டருக்குள் இருக்கும் சுத்தமான வெட்டு, இவற்றை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம். கீழே சொல்வது எதுவாக இருந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்: காயம் வாய் பிளந்து நிற்கிறது, மெத்தையில் ஒரு துண்டு தொங்குகிறது, உள்ளே ஏதோ சிக்கியிருக்கிறது, நாற்றம் அடிக்கிறது, பாதம் வீங்கிச் சூடாக இருக்கிறது, நாய் ஒரு நாள் கழிந்தும் காலை ஊன்றவே இல்லை.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. நாயை நிற்க வைத்து, அடிபட்ட பாதத்தின் விரல்களை மற்றப் பாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு விரலின் நகம் மட்டும் தரையைத் தொடாமல் மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு இருந்தால், மெத்தைக்குப் பின்னால் போகும் தசைநாண் அறுந்திருக்கிறது என்று பொருள். வெளியே தெரியும் வெட்டு துளியூண்டு இருக்கும், சேதம் உள்ளே. தசைநாணைச் சீக்கிரம் சேர்த்துத் தைத்தால்தான் விரல் பழையபடி மடங்கும். ‘ஆபரேஷன் இல்லாமல்’ என்று பிடிவாதம் பிடிக்கக் கூடாத இடம் இது.

டாக்டர் தையல் போடாம கட்டு மட்டும் போட்டு அனுப்பிட்டார். சரியா பார்த்தாரா?

இந்தச் சந்தேகம் நிறையப் பேருக்கு வருகிறது. கிளினிக்கை விட்டு வெளியே வந்ததும் வேறு டாக்டரைத் தேடுபவர்களும் உண்டு. ஆனால் பாதத்தைப் பொறுத்தவரை தையல் போடாமல் விடுவதற்கு நல்ல காரணங்கள் இருக்கின்றன.

மெத்தையின் வெளித்தோல் நாயின் உடம்பிலேயே தடிமனானது. அதற்குக் கீழே கொழுப்பும் நார்களும் சேர்ந்த மிருதுவான அடுக்கு. நாய் காலை ஊன்றும் ஒவ்வொரு முறையும் இந்த அடுக்கு பக்கவாட்டில் பிதுங்கி விரியும், தூக்கும்போது சுருங்கும். தையல் நூல் இந்த இழுப்பை ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான தடவை தாங்க வேண்டும். பெரும்பாலும் நூல் அறுவதில்லை, நூல் கோத்த சதைதான் கிழியும். கிழிந்தால் காயம் முன்பைவிடப் பெரிதாகும்.

இரண்டாவது காரணம் அழுக்கு. பாதம் மிதிக்காத அசுத்தம் கிடையாது. அடிபட்டு ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள், நன்றாகக் கழுவிய பிறகு தைத்தால் ஒட்டும் என்பது பழைய கணக்கு. இரவில் அடிபட்டு மறுநாள் மதியம் கொண்டுவந்த காயத்தை மூடித் தைத்தால் கிருமியை உள்ளே வைத்துத் தைத்த மாதிரி ஆகும். அதைத் திறந்தே வைத்து, அடியிலிருந்து புதுச் சதை வளர்ந்து மேலேறி மூட விடுவது பாதுகாப்பானது. மெத்தைகளுக்கு ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதால் இந்த வேலையை உடம்பே செய்துகொள்ளும்.

ஆழமான, புதிய, சுத்தமான வெட்டைத் தைப்பதே நல்லது. நடு மெத்தையில் குறுக்காகப் பிளந்த காயம், ஒரு துண்டு முழுசாகத் தொங்கும் காயம் எல்லாம் அந்த வகை. தைத்தாலும் கட்டும் ஓய்வும் அதே அளவு வேண்டும். தையல் போட்டாயிற்று என்று நாயை மாடிப்படி ஏறவிட்டால் மூன்றாம் நாள் பிரிந்துவிடும்.

காயத்தை எதால கழுவணும்? டெட்டால் போடலாமா?

டெட்டால், சாவ்லான், ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட் நான்கும் வேண்டாம். எரியும். எரிச்சலைவிட மோசம், கிருமியோடு சேர்த்துக் காயத்தின் ஓரத்தில் வளர ஆரம்பித்த புது செல்களையும் கொல்லும். போதாததற்கு நாய் அதை நக்கி உள்ளே தள்ளும்.

மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் நார்மல் சலைன் பாட்டில் மிக நல்லது. இல்லையென்றால் அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஒரு டீஸ்பூன் உப்பைத் தலைதட்டிப் போட்டு ஆறவையுங்கள். அதுவும் இல்லாத நேரத்தில் குழாய்த் தண்ணீரே போதும். எதைக் கொண்டு கழுவுகிறோம் என்பதைவிட எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதுதான் முக்கியம். ஊசி மாட்டாத பெரிய சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சினால் மண்ணும் சில்லும் வெளியே வரும். பஞ்சால் தேய்க்காதீர்கள், நார் உள்ளே ஒட்டிக்கொள்ளும்.

கடைசியாக பீட்டாடின் கரைசல். பாட்டிலிலிருந்து அப்படியே ஊற்றாமல், பால் ஊற்றாத இளம் டீயின் நிறம் வரும்வரை தண்ணீரில் கலக்கி ஊற்றுங்கள். பீட்டாடின் பெயரில் சோப்புத் திரவமும் விற்கிறது. அதைத் திறந்த காயத்தில் விடக் கூடாது, லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

மஞ்சள்தூள், காபித்தூள், தேன், தேங்காய் எண்ணெய்? வீட்ல இருக்கறதை வெச்சே பார்க்கலாமே?

காபித்தூளில் காஃபீன் இருக்கிறது. அது நாய்க்கு விஷம். காயத்தில் அப்பியதை நாய் நக்கியே தீரும். கையில் கத்தி பட்டால் காபித்தூள் அப்பும் பழக்கத்தை நாயிடம் காட்ட வேண்டாம்.

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. அஞ்சறைப்பெட்டியில் இருக்கும் மஞ்சள்தூள் சுத்திகரித்த மருந்து கிடையாது. தூள் காயத்துக்குள் கட்டியாகி, அடியில் சீழ் வைக்கிறதா சதை வளர்கிறதா என்றே தெரியாமல் மறைத்துவிடும். மறுநாள் டாக்டர் அதைச் சுரண்டி எடுக்கும்போது நாய் படும் பாட்டைப் பார்த்தவர்கள் திரும்ப மஞ்சள் போட மாட்டார்கள்.

தேனுக்கு மருத்துவத்தில் இடம் உண்டு. காயத்துக்கென்றே சுத்திகரித்த தேன் கட்டுகள் கால்நடை மருத்துவத்திலும் பயன்படுகின்றன. கடைத் தேனும் மலைத்தேனும் அதற்குச் சமம் ஆகாது. தேங்காய் எண்ணெய் வறண்டு வெடித்த மெத்தைக்குச் சரி, திறந்த காயத்துக்கு வேண்டாம்.

குழந்தைகளின் டயபர் புண்ணுக்குப் போடும் துத்தநாகக் களிம்பு, டீ ட்ரீ எண்ணெய் இரண்டையும் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நக்கினால் உடம்புக்கு ஆகாது. வீட்டில் பாதி மீந்த தோல் களிம்பைப் போடும் முன் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, காயம் ஆறுவதைத் தள்ளிப்போடும்.

ஃபெவிக்விக் போட்டு ஒட்டிடலாம்னு ஒருத்தர் சொன்னாரே?

டாக்டர்கள் சின்ன, சுத்தமான வெட்டுகளை ஒட்டத் திசுப் பசை வைத்திருக்கிறார்கள். அதே குடும்பத்து வேதிப்பொருள் என்பதால் இந்த யோசனை சுற்றிவருகிறது. கடைப் பசை இறுகும்போது சூடாகும், திசுவை எரிக்கும், அழுக்கை உள்ளேயே அடைத்துப் பூட்டும். வேண்டாம்.

கட்டு எப்படிப் போடணும்? எங்க வீட்ல போட்ட கட்டெல்லாம் பத்து நிமிஷத்துல கழண்டுடுது.

பெரும்பாலும் பாதத்தில் மட்டும் சுற்றியிருப்பீர்கள். நாயின் பாதம் நுனியில் குறுகலானது. அங்கே மட்டும் சுற்றினால் சாக்ஸ் மாதிரி உருவிவிடும். கட்டு விரல்நுனியிலிருந்து ஆரம்பித்து மணிக்கட்டைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் முடிய வேண்டும். பின்னங்காலிலும் கணுவை ஒட்டிப் போக வேண்டும்.

காயம் ஈரமில்லாமல் துடைத்தபின் முதலில் ஒட்டாத டிரெஸ்ஸிங். மெடிக்கல் ஷாப்பில் பாராஃபின் காஸ் என்று கேட்டாலும் தருவார்கள். வெறும் காஸை வைத்தால் காய்ந்து ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது வளர்ந்த சதையையும் பிய்த்துக்கொண்டு வரும். அடுத்து, விரல்களுக்கு நடுவே மெல்லிய பஞ்சுத் துணுக்குகள். இதைத்தான் வீட்டில் யாரும் செய்வதில்லை. நாய் வியர்ப்பது பாதத்தில்தான். கட்டுக்குள் விரலிடுக்கு ஈரமாகி இரண்டே நாளில் வெந்துபோகும். பிறகு பஞ்சுச் சுருளைத் தளர்வாக இரண்டு மூன்று சுற்று. அதன்மேல் காஸ் ரோல், ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூடுகிற மாதிரி. கடைசியில் தன்மேல் தானே ஒட்டும் கட்டுத்துணி, வெட்ராப் என்று கேட்டால் தெரியும். அதை ரோலிலிருந்து முதலில் பிரித்து இழுவையை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். ரோலிலிருந்து நேராக இழுத்துச் சுற்றினால் இறுகிக்கொண்டே போய் ரத்த ஓட்டத்தை நிறுத்தும்.

நடு விரல்கள் இரண்டின் நகங்கள் வெளியே தெரியட்டும். அந்த இரண்டு நகங்களும்தான் உங்கள் காவல்காரர்கள். காலையும் மாலையும் பாருங்கள். நகங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி விரிந்தாலோ, விரல் சில்லென்று இருந்தாலோ, கட்டுக்கு மேலே கால் வீங்கினாலோ உடனே பிரித்துவிடுங்கள். கட்டின் மேல்விளிம்பில் உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். நேற்றுவரை கட்டைக் கண்டுகொள்ளாத நாய் இன்று அதைக் கடித்துக் குதறினால் சேட்டை என்று அதட்டாதீர்கள். உள்ளே ஏதோ சரியில்லை.

நீர் கசியும் காயத்துக்குத் தினமும் மாற்ற வேண்டும். கசிவு குறைந்தபின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை போதும்.

நடு மெத்தையில் பெரிய காயம் இருந்தால் டாக்டர்கள் வேறு ஒரு வழியும் செய்கிறார்கள். தடித்த ஃபோமில் காயத்தின் அளவுக்கு ஓட்டை வெட்டிக் கட்டுக்குள் வைப்பார்கள். எடை சுற்றிலும் இறங்கும், காயத்தின் மேல் இறங்காது. சில நாய்களுக்குப் பாதம் தரையில் படாதபடி தகடும் கட்டுவார்கள். வீட்டில் இதைச் செய்து பார்க்க வேண்டாம். ஓட்டை இடம் மாறினால் அதன் விளிம்பு காயத்தையே அறுக்கும்.

கட்டு நனைஞ்சா காய்ஞ்சிடும்னு விட்டுடலாமா?

கூடாது. நனைந்த கட்டைவிடக் கட்டே இல்லாமல் இருப்பது மேல். மழையோ, ஈரத் தரையோ, சிறுநீரோ, எதில் நனைந்தாலும் அந்த மணியிலேயே மாற்றுங்கள். வெளியே கூட்டிப் போகும்போது காலியான சலைன் பையை ஒரு ஓரம் வெட்டிப் பாதத்தில் மாட்டிவிட்டால் பால் கவரைவிடக் கிழியாமல் நிற்கும். வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிட வேண்டும். பிளாஸ்டிக்குக்குள் பாதம் வியர்த்து உள்ளிருந்தே கட்டு நனையும்.

தினம் இரண்டு வேளை ஃபினாயில் போட்டுத் துடைக்கும் வீடுகளில் நாய் இருக்கும் அறைக்குக் கொஞ்ச நாள் வெறும் தண்ணீர் போதும். ஃபினாயிலும் பிளீச்சிங் பவுடரும் புண்ணான பாதத்தை மேலும் அரிக்கும்.

நாய் நக்கினா புண்ணு ஆறிடும்னு சொல்றாங்களே?

எச்சிலில் கிருமியை எதிர்க்கும் பொருட்கள் கொஞ்சம் இருப்பது உண்மை. அதே வாயில் கிருமிகளும் இருக்கின்றன, நாக்கோ சொரசொரப்பானது. காட்டில் வேறு வழியில்லாத விலங்குக்கு நக்குவதே மருத்துவம். நம் வீட்டு நாய்க்கு நாம் இருக்கிறோம். ஓர் இரவு முழுக்க நக்க விட்டால் ஒரு வார வளர்ச்சி போய்விடும்.

கழுத்துக் கூம்பு போடுங்கள். மூக்கு நுனியைத் தாண்டிக் கூம்பு நீண்டிருக்க வேண்டும், இல்லையென்றால் பாதம் எட்டிவிடும். முதல் நாள் எல்லா நாயும் சிலைபோல நிற்கும் அல்லது கதவிலெல்லாம் மோதும். பரிதாபப்பட்டுக் கழற்றுவதுதான் காயம் ஆறாததற்கு நான் பார்த்தவரை முதல் காரணம். கட்டுத்துணியின் மேல் வேப்பெண்ணெய் தடவுவது சில நாய்களிடம் எடுபடும், சில நாய்கள் அதையும் ருசித்து நக்கும்.

வலியில துடிக்குது. பாரசிட்டமால் அரை மாத்திரை கொடுக்கலாமா?

டாக்டர் எழுதித் தராமல் எதுவும் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மனிதர்களின் வலி மாத்திரைகள் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும், ரத்த வாந்தி வரும், சிறுநீரகம் செயலிழக்கும். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். ஐந்து கிலோ பொமரேனியனுக்கு ‘அரை மாத்திரை’ என்பதே பெரிய அளவு. நாய்களுக்கென்று எடை பார்த்துத் தரும் மருந்துகள் இருக்கின்றன, அவை பாதுகாப்பானவை, விலையும் அதிகமில்லை.

ஆன்டிபயாடிக் வேணுமா? டிடி ஊசி?

சுத்தமான சின்னக் காயத்துக்கு இரண்டும் வேண்டாம். வீக்கம், சூடு, சீழ், நாற்றம், காய்ச்சல் இருந்தால் டாக்டர் ஆன்டிபயாடிக் தருவார். அதை அவர் சொன்ன நாள்வரை முழுக்கக் கொடுக்க வேண்டும். வீட்டில் மிச்சமிருந்த பட்டையிலிருந்து நாமே எடுத்துக் கொடுப்பது தவறு.

ரண ஜன்னி (டெட்டனஸ்) நாய்களுக்கு அரிதாகத்தான் வரும், மனிதனையும் குதிரையையும்விட அவற்றுக்கு எதிர்ப்பு அதிகம். அதனால் நாய்களுக்கு வழக்கமாக டிடி போடுவதில்லை. ஆணி போன்றவை ஆழமாகக் குத்தியபின் ஒரு வாரம், இரண்டு வாரத்தில் கால் விறைப்பது, காதுகள் நிமிர்ந்து நெருங்குவது, முகம் இளிப்பது போல இழுத்துக்கொள்வது தெரிந்தால் தாமதிக்காமல் ஓடுங்கள்.

மத்தியானம் ரோட்ல நடந்துட்டு வந்ததும் மெத்தை உரிஞ்சு வந்திருச்சு. இதுக்கு என்ன?

இது தீக்காயம். காற்றில் 30 டிகிரி இருக்கும் வெயில் நேரத்திலேயே தார்ச்சாலையின் மேற்பரப்பு 55 டிகிரியைத் தாண்டக்கூடும். சித்திரை, வைகாசி மதியத்தைச் சொல்லவே வேண்டாம். மெத்தை தடிப்பாக இருப்பதால் நாய்க்கு உறைக்காது என்று நினைக்கிறோம். சூடு பட்ட நாய் பல சமயம் அங்கேயே கத்தாது. வீட்டுக்கு வந்து சில மணி நேரம் கழித்துத்தான் காலைத் தூக்கும், கொப்புளம் தெரியும்.

உடனே தெரிந்தால் குழாய்த் தண்ணீரில் பத்து முதல் இருபது நிமிடம் பாதத்தைக் காட்டுங்கள். ஐஸ் வைக்காதீர்கள், ரத்த ஓட்டம் குறைந்து காயம் ஆழமாகும். கொப்புளத்தை உடைக்காதீர்கள். பாதி உரிந்த தோலை இழுத்துப் பிய்க்காதீர்கள். அது ஒட்டிக்கொண்டிருக்கும்வரை அடியில் இருப்பதை மூடிக் காக்கும். செத்துப்போன பகுதியை டாக்டர் வெட்டி எடுப்பார். தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடயாசின் களிம்பைக் கட்டுக்குள் வைப்பது வழக்கம், நக்க விடக் கூடாது. நான்கு காலும் ஒரே சமயத்தில் வெந்திருப்பதால் இந்த நாய்களுக்கு வேறு காயங்களைவிட வலி அதிகம். அதனால் வலி மருந்துக்காகவாவது டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

நடக்கக் கூட்டிப் போகும் முன் புறங்கையை ரோட்டில் வையுங்கள். ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயும் நடக்க வேண்டாம். மாலை ஐந்து மணிக்கு வெயில் இறங்கினாலும் ரோட்டின் சூடு இறங்காது. கோடையில் விடியற்காலைதான் சரியான நேரம்.

முள்ளு குத்தியிருக்கு, வெளியே தெரியல. தோண்டி எடுக்கலாமா?

நெருஞ்சி முள் மேலோட்டமாகக் குத்தும், சாமணத்தால் குத்திய திசையிலேயே இழுத்தால் வந்துவிடும். சீமைக்கருவேல முள் வேறு ரகம். ஆழமாக இறங்கி உள்ளேயே முறியும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்றால் ஊசியை வைத்துக் கிளறாதீர்கள், இன்னும் உள்ளே தள்ளிவிடுவீர்கள். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பாதத்தை ஐந்து பத்து நிமிடம், நாளைக்கு இரண்டு மூன்று தடவை ஊறவைத்து ஈரம் போகத் துடையுங்கள். சின்ன முள் தானே மேலே வரும். இரண்டு நாளில் வராவிட்டால் டாக்டர்.

ஒட்டிக்கொள்ளும் புல்லின் ஊசி முனைகள் விரலிடுக்கு வழியாக உள்ளே புகுந்து, நாய் நடக்க நடக்க மேலே மேலே போகும். ஆறியது போல மூடி, மறுபடி உடைந்து நீர் வடியும் புண் ஒன்று ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அதை எடுக்காமல் எத்தனை மாத்திரை கொடுத்தாலும் ஆறாது. விரலிடுக்கைப் பார்க்கும்போது உண்ணி இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புண்ணுல புழு வெச்சிருச்சு. மண்ணெண்ணெய் ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள். மண்ணெண்ணெய் சதையை வேகவைக்கும், நக்கினால் நுரையீரல் கெடும். ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வரும். அவை தெரியும் துளையைவிட உள்ளே பெரிதாகக் குடைந்திருக்கும். டாக்டர் மருந்து போட்டு, இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மறுநாளும் பார்ப்பார். பார்க்கக் கோரமாக இருந்தாலும் புழு வைத்த பாதங்கள் ஆபரேஷன் இல்லாமலே நன்றாக ஆறுகின்றன. புழு எடுத்தபின் ஈ அண்டாமல் கட்டி வைப்பதுதான் மிச்ச வேலை.

எத்தனை நாள்ல ஆறும்? எப்போ நடக்க விடலாம்?

மேல்தோல் மட்டும் உரசியிருந்தால் ஒரு வாரம், பத்து நாள். மெத்தையின் முழு ஆழத்துக்கும் கிழிந்திருந்தால் மூன்று நான்கு வாரம், சில நாய்களுக்கு அதற்கும் மேல். வயதான நாய், சர்க்கரை நோய் உள்ள நாய், ஸ்டீராய்டு சாப்பிடும் நாய் இவற்றுக்கு இன்னும் மெதுவாகத்தான் ஆறும்.

ஆறும்போது காயத்தின் அடியில் பளபளப்பான சிவப்பில், மணல்மணலாகச் சதை தெரியும். புண் மோசமாகிவிட்டது என்று பயந்து அதைத் துடைத்து எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அதுதான் புதுச் சதை, தொட்டால் ரத்தம் கசியும், விட்டுவிடுங்கள். கவலைப்பட வேண்டியது சாம்பல், மஞ்சள், பச்சை நிறங்களும் நாற்றமும்.

காயம் மூடியதும் ஆறிவிட்டது என்று நினைக்கிறோம். மூடிய தோல் இளஞ்சிவப்பாக, மெல்லியதாக இருக்கும். கறுப்பு நிறமும் கெட்டித் தன்மையும் திரும்பப் பல வாரம் பிடிக்கும். மூடிய மறுநாளே பந்து எறிந்து விளையாடினால் அதே இடத்தில் கிழியும். முதல் வாரம் கழுத்துப் பட்டையோடு வீட்டு வாசல்வரை, பிறகு மண் தரையிலோ புல்லிலோ ஐந்து பத்து நிமிடம், அதன்பின்தான் சிமென்ட்டும் தாரும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் போன்ற ஓட்டக்கார நாய்களை அடக்கி வைப்பது பெரும் பாடு. அவற்றை மொட்டை மாடியில் விடாமல் சின்ன அறையில் வைத்து, எலும்பு கடிக்கக் கொடுத்து நேரம் போக்குங்கள். வேகவைக்காத எலும்பாக இருக்கட்டும், வெந்தது குடலைக் கிழிக்கும்.

அடியே படல, ஆனா மெத்தை தடிச்சு வெடிக்குது. இதுக்கும் இதே வைத்தியமா?

இல்லை. ஒரு பாதத்தில் மட்டும் இருந்தால் காயம், நான்கிலும் இருந்தால் நோய் என்று முதலில் சந்தேகியுங்கள். தடுப்பூசி போடாத குட்டிக்கு மெத்தையும் மூக்கும் தடித்து, கண்ணில் பீளை, மூக்கில் சளி, தசைத் துடிப்பு இருந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். உடனே டாக்டர், மற்ற நாய்களிடமிருந்து பிரித்தும் வையுங்கள். துத்தநாகக் குறைவு, உடம்பே தன் தோலைத் தாக்கும் நோய்கள், ஈர மண்ணில் கட்டிக் கிடக்கும் நாய்களுக்குக் கொக்கிப்புழு என்று இந்தப் பட்டியல் நீளும். வயதான நாய்க்கு மெத்தை கொஞ்சம் தடித்து வறளுவது இயல்பு, அதற்கு மட்டும் தேங்காய் எண்ணெய் மெல்லிசாகப் போதும்.

தெருநாய்க்கு அடிபட்டிருக்கு. கூம்பு, கட்டு எல்லாம் அதுகிட்ட நடக்காதே?

நடக்காது. தெருவில் திரியும் நாய்க்குக் கட்டுப் போட்டு விடுவது அதற்குச் செய்யும் கெடுதல். அந்தக் கட்டை மாற்ற யாரும் இருக்க மாட்டார்கள். நனைந்து, இறுகி, உள்ளே அழுகும். சின்னக் காயமென்றால் கழுவி, ஈ அண்டாத ஸ்பிரே அடித்துவிட்டுச் சாப்பாடு வையுங்கள், பெரும்பாலும் தானே ஆறும். பெரிய காயமென்றால் ஆறும்வரை எங்காவது அடைத்து வைக்க இடம் தேட வேண்டும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில், 1903இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கால்நடைக் கல்லூரிகளிலும் நாய்களைப் பார்க்கிறார்கள். மற்ற ஊர்களில் அரசுக் கால்நடை மருந்தகம் மாடு ஆட்டுக்கு மட்டும்தான் என்று நினைத்து ஒதுங்க வேண்டாம், கட்டுப் போட அங்கேயும் செய்வார்கள்.

தெருநாயைத் தொடும்போது கடித்தாலோ, கீறினாலோ, அதன் எச்சில் உங்கள் கைப் புண்ணில் பட்டாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ளுங்கள். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று காத்திருக்காதீர்கள்.

ஷூ வாங்கிப் போட்டா இதெல்லாம் வராதா?

ஓரளவுக்கு. அலாஸ்காவில் ஆயிரம் மைல் ஓடும் இடிடராட் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டுத் துணிக் காலுறை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அது பனிக்கட்டி கீறாமல் இருக்க. நம் ஊர் வெயிலில் ரப்பர் ஷூவை நாள் முழுக்க மாட்டிவிட்டால் பாதம் உள்ளே வெந்துவிடும், விரல் வழியாக நாய் இழக்கும் சூடும் தடைபடும். ஆறிவரும் பாதத்துக்கு, வெளியே போகும் அந்தக் கால் மணி நேரத்துக்கு மட்டும் ஷூ நல்லது. அளவு பார்க்க நாயை ஒரு தாளில் நிற்கவைத்து, எடை இறங்கிய நிலையில் பாதத்தைச் சுற்றிக் கோடு போடுங்கள். உட்கார்ந்திருக்கும்போது எடுத்த அளவு சிறியதாகிவிடும். போட்டுப் பத்து நிமிடம் கழித்துக் கழற்றி, விரல்களுக்கு நடுவிலும் ஒட்டுநகத்தின் பக்கத்திலும் சிவந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.